கீழே விழுந்த துணி

உதறினால் போய்விடும் என்று உலகம் நம்பிக்கொண்டிருக்கிறது. போகாது.

மன்னிக்க வேண்டும், கொஞ்சம் நிறுத்துங்கள். கண்ணாடியில் வைத்துவிடாதீர்கள். அந்தக் கைக்குட்டை இப்போதுதான் உங்கள் காலடியில் விழுந்தது. எடுத்தீர்கள், ரெண்டு உதறு உதறினீர்கள், மூக்குக்கண்ணாடியைத் துடைக்கப் போகிறீர்கள். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டு சும்மா வர என்னால் முடியாது. விழுந்த துணியை உதறினால் சரியாகிவிடும் என்பது மனிதன் துணி நெய்யக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து விடாமல் செய்துவருகிற பிழை. உதறினால் தூசிதான் போகும். மணல் போகாது. மணல் உள்ளே ஏறி உட்கார்ந்துகொள்ளும். துணியைப் பார்த்தால் தெரியாது. கண்ணாடியில் வைத்து ஒரு சுற்றுச் சுற்றினால் தெரியும். பிறகு ஆயுளுக்கும் தெரியும்.

சட்டை நுனி வேண்டாம். அது இன்னும் மோசம்.

நல்ல துணி ஒன்று என்னிடம் இருந்திருந்தால் கொடுத்திருப்பேன். கட்டுக்கட்டாக வைத்திருந்தவன் நான். இப்போது ஒன்றுகூட இல்லை. அது எப்படி என்று சொல்கிறேன். கரூர் வரைக்கும் மங்கலாகவே பார்த்துக்கொண்டு வாருங்கள். கொடுமுடி தாண்டினால் பார்க்கவும் பெரிதாக ஒன்றும் இல்லை.

ஈரோட்டில் பெருந்துறை ரோட்டில் கார் டீடெய்லிங் கடை வைத்திருந்தேன். "வாட்டர் வாஷ் கடையா?" என்று கேட்காதீர்கள். கேட்கத்தான் வாயெடுத்தீர்கள், பார்த்தேன். எல்லோரும் அதைத்தான் கேட்பார்கள். வாட்டர் வாஷ் என்பது வண்டியைக் குளிப்பாட்டி அனுப்புவது. எருமையைக்கூட அப்படி அனுப்பலாம். நான் செய்தது வேறு. ஒரு கதவுக்கு ஒரு காலைப்பொழுது எடுத்துக்கொள்வேன். ஏசி காற்று வருகிற சந்துக்குள் பிரஷ்ஷை விட்டு, பல் விளக்குவது மாதிரி விளக்குவேன். கறுப்புக் கார் உள்ளே வந்தால் அன்றைக்கு வேறு காரைத் தொட மாட்டேன். வண்டி எடுக்க வருகிறவர்கள் பானட்டில் முகம் பார்த்துத் தலை சீவிக்கொண்டு போவார்கள்.

அதற்கெல்லாம் மைக்ரோஃபைபர் துணிதான். தொட்டிருக்கிறீர்களா? பூனைக்குட்டியின் வயிறு மாதிரி இருக்கும். நீலம், மஞ்சள், சாம்பல் என்று வேலைக்கு ஒரு நிறம். புதுத் துணி முதலில் பெயிண்ட் துடைக்கும். முடி கொஞ்சம் படுத்துவிட்டால் கண்ணாடிக்கு வரும். பிறகு சீட்டுக்கு. பிறகு சக்கரத்துக்கு. கடைசியில் எஞ்சின் பக்கம். அரசாங்க வேலையில் பதவி உயர்வு மாதிரி இதில் பதவி இறக்கம். ஆனால் மரியாதையான இறக்கம், படிப்படியாக. கீழே விழுந்துவிட்டால் மட்டும் படி கிடையாது. நேராகச் சாக்குக்குள். எவ்வளவு புதிதாக இருந்தாலும் சரி, எத்தனை தடவை துவைத்தாலும் சரி. தரையைத் தொட்ட துணி திரும்பி மேலே வராது. இது ஒன்றுதான் நான் கடையில் வைத்திருந்த விதி. வீட்டிலும் வைத்திருந்தேன்.

என் வீட்டுக்காரி பெயர் பூங்கோதை. துணிகளை வீட்டுக்குக் கொண்டுவந்து அவள்தான் துவைத்துக் காயப்போடுவாள். கல்யாணமான புதிதில் ஒரு தடவை கொடியிலிருந்து ஒன்று மண்ணில் விழுந்திருக்கிறது. எடுத்தாள், நீங்கள் செய்த மாதிரியே ரெண்டு உதறு, மறுபடி கட்டோடு வைத்துவிட்டாள். ஒரு டாக்டரின் கறுப்புக் காரில் மறுநாள் அது விளையாடியது. மணிக்கூண்டு அளவுக்கு ஒரு கோடு. கேட்டால், "ஏனுங்க, ஒதறிட்டுத்தானுங்க வெச்சேன்" என்கிறாள். நான் திட்டவில்லை. நான் ஒருநாளும் யாரையும் திட்டியது கிடையாது. பேசவில்லை, அவ்வளவுதான். அந்த ஆடி மாதம் முழுக்கப் பேசவில்லை. அதற்குப் பிறகு அவள் கையிலிருந்து ஒரு துணி கீழே விழுந்ததாகச் சரித்திரம் இல்லை. பிறகு விழ ஆரம்பித்தது பக்கவாதம் வந்த பிறகுதான்.

ஆமாம், பக்கவாதம். போன வருஷம் கார்த்திகையில். வலப்பக்கம் முழுக்கப் போய்விட்டது, பேச்சும் போய்விட்டது. இடது கை, இடது கால் மட்டும் நன்றாக இருந்தது. சிலருக்கு ஒரே ஒரு சொல் மிச்சம் நிற்குமாம். இவளுக்கு நின்ற சொல் "போ." அர்த்தமில்லாமல் தானாக வாயில் வருவது, அதை ஒன்றும் பொருட்படுத்த வேண்டாம் என்று நான் படித்த புத்தகத்தில் போட்டிருந்தது. எனக்கே அது நிச்சயமாகத் தெரிந்தது. நன்றாக இருந்த காலத்தில் அவள் என்னை "போங்க" என்றுதான் சொல்வாளே தவிர, ஒருநாளும் "போ" என்றது கிடையாது. ஆகவே அது அவள் பேசியது இல்லை, வியாதி பேசியது. நிரூபணம் ஆகிவிட்டதா இல்லையா?

கடையை மூடினேன். யோசிக்கவே இல்லை. நர்ஸ் போடலாம் என்று சுபா சொன்னாள். சுபாஷிணி என் மகள், ஒரே மகள், கரூரில் இருக்கிறாள். நர்ஸ் எதற்கு? முப்பது வருஷமாக ஒரு பொருளை அலுங்காமல் துடைப்பது எப்படி என்று படித்தவன் வீட்டில் இருக்கும்போது நர்ஸ் எதற்கு? கடையிலிருந்த சாமான்களை எல்லாம் ஒரு டெம்போவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். எல்லாம் தேய்ந்த சாமான்கள். இனிமேல் காருக்கு ஆகாது. ஆனால் காருக்கு ஆகாது என்பதால் எதற்குமே ஆகாது என்று நினைப்பது இன்னொரு தவறு. அதை அப்புறம் சொல்கிறேன்.

இல்லை, இப்போதே சொல்கிறேன். பாலீஷ் மெஷினில் மாட்டுகிற ஃபோம் பேட் இருக்கிறதே, வட்டமாக, கெட்டிப் பஞ்சு மாதிரி. ஓரம் கிழிந்துவிட்டால் காருக்கு உதவாது. அதைக் குதிகாலுக்குக் கீழே வைத்தால் படுக்கைப் புண் வராது. வரவே இல்லை, நீங்கள் எந்த டாக்டரையும் கேட்டுப் பாருங்கள். டேஷ்போர்டு துடைக்கிற பன்றிமுடி பிரஷ்ஷால் கால் விரல் இடுக்கு. ஸ்ப்ரே பாட்டிலில் வெந்நீர், வேண்டிய இடத்தில் பூ மாதிரி அடிக்கலாம். தலைமுடியில் அடித்தால் சிக்கு விடும். ரெண்டு பக்கெட், ஒன்று சோப்புக்கு, ஒன்று அலசுவதற்கு. அடியில் மணல் தங்க சல்லடை. அவள் உடம்பில் ஏது மணல் என்று சுபா கேட்டாள். பழக்கம். பிறகு துணிகள். வயதான துணிகள், ஆனால் ஒன்றுகூடத் தரையைத் தொடாதவை. முகத்துக்கு மஞ்சள், முதுகுக்கு நீலம், காலுக்குச் சாம்பல். எட்டாக மடித்து, ஒரு துடைப்புக்கு ஒரு மடிப்பு, மேலிருந்து கீழே, ஒரே திசை. வட்டமாகத் துடைக்கக் கூடாது.

காலையில் ஆரம்பித்தால் பதினோரு மணி ஆகிவிடும். சாயங்காலம் மறுபடியும். நான் ஒன்று சொல்கிறேன், நீங்கள் தப்பாக நினைக்காதீர்கள். கடை நடத்திய காலத்தில் நான் வீட்டுக்குப் போகும்போது அவள் தூங்கியிருப்பாள். நாங்கள் சேர்ந்து இருந்த நேரம் என்று கூட்டினால் அந்தக் கார்த்திகையிலிருந்து பங்குனி வரைக்கும்தான். எனக்கு அது நன்றாக இருந்தது. அவளுக்கும் இருந்திருக்கும். கண்ணை மூடிக்கொள்வாள்.

என்னங்க கண்டக்டர்? டிக்கெட் எடுத்தாயிற்று. பை கீழே வைக்கிற பை இல்லை, மடியிலேயே இருக்கட்டும். யாருக்கும் இடைஞ்சல் இல்லை. பாருங்கள், "பெருசு, பைக்குள்ள முட்டையா கொண்டு போற?" என்கிறார். சிரிக்கட்டும்.

எங்கே விட்டேன்? சுபா. தை மாதக் கடைசியில் சுபாவும் மாப்பிள்ளையும் வந்தார்கள். மாப்பிள்ளை கரூரில் டவல் நெய்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற கம்பெனியில் சூப்பர்வைசர். வரும்போதெல்லாம் டர்க்கி டவல் கட்டு ஒன்று கொண்டுவருவார். வெள்ளை, நீலக் கரை. நல்ல மனிதர். ஆனால் டவல் என்பது நூலை வளையம் வளையமாக நிற்கவைத்து நெய்வது. பெயிண்டில் போட்டால் கீறும். ஆகவே அவர் கொடுப்பதை வாங்கி, நன்றி சொல்லி, பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவேன். ஒரு தடவை பூட்டுவதற்குள் பூங்கோதை ஒன்றை இடது கையால் இழுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். விடவே இல்லை. விரலை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. மூளையில் அடி பட்டவர்களுக்கு நல்லது எது கெட்டது எது என்று தெரியாமல் போய்விடும்.

அன்றைக்குச் சுபா அவளைத் திருப்பிப் படுக்கவைத்து முதுகைப் பார்த்தாள். "என்னப்பா இது?"

"வேர்க்குரு" என்றேன்.

"தை மாசத்துல வேர்க்குருவா? கோடு கோடா செவந்திருக்குது. எதுல தொடைக்கறீங்க?"

துணியைக் காட்டினேன். மோந்து பார்த்தாள். "பாலீஷ் வாசம் அடிக்குது."

எவ்வளவு துவைத்தாலும் பாலீஷ் கொஞ்சம் நிற்கும். அது துணிக்கு ஒரு வழுவழுப்பு. சொன்னேன். அவள் கேட்காமல் குளியலறைக்குப் போனாள். அங்கிருந்து ஒரு சத்தம். "அப்பா! இதென்ன, கார் ஷாம்புலயா குளிக்க வெக்கறீங்க?"

நான் நிதானமாக விளக்கினேன். குளிக்கிற சோப்பில் காரம் அதிகம். கார் ஷாம்பு காரமும் இல்லை, புளிப்பும் இல்லை, நடுநிலை. பாட்டிலிலேயே போட்டிருக்கிறது. பெயிண்டையே உரிக்காதது தோலை என்ன செய்யும்? மாப்பிள்ளை, "மாமா சொல்றதுலயும் ஒரு லாஜிக் இருக்குது சுபா" என்றார். அவர் எப்போதும் அப்படித்தான், சமாதானம் பேசுவார். சுபா அவரைப் பார்த்த பார்வையில் அவர் டவல் கட்டை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

"அம்மா என்ன காரா?" என்று கேட்டாள்.

"காரை இவ்வளவு கவனமாகத் துடைத்ததில்லையே, சுபா" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். அதற்குப் போய் அழுகிறாள்.

அன்றைக்கே கூட்டிக்கொண்டு போகிறேன் என்று நின்றாள். நான் விடவில்லை. அவளும் விடவில்லை. கடைசியில், எதிலும் ஒரு தெளிவு வேண்டும் என்று நானே ஒரு விதி சொன்னேன். கட்டில் கால்மாட்டில் நின்றுதான் சொன்னேன். இடது கை இருக்கிறவரை என் ஒருவனால் சமாளிக்க முடியும். அவளே டம்ளரைப் பிடித்துக் குடிக்கிறாள், தலைமாட்டில் வைத்த பூஜை மணியை அடித்து என்னைக் கூப்பிடுகிறாள். எப்போதாவது அந்தக் கையும் போய்விட்டால் அன்றைக்கே கரூர். ஒரு வார்த்தை பேச மாட்டேன். சுபா, "சரி, அந்த முதுகு?" என்றாள். அதற்கும் ஒரு உறுதி கொடுத்தேன். தரையைத் தொடாத துணி கீறாது. தரையைத் தொட்ட துணி அவள் பக்கத்திலேயே வராது, ஒன்று விழுந்தால் ஒன்று சாக்குக்குள், இது சத்தியம். பூங்கோதை எங்கள் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு என்ன புரிந்திருக்கும், பாவம்.

அடுத்த நாள் காலை. முகம் துடைத்து முடித்து, வழக்கம்போல மஞ்சள் துணியை அவள் இடது கையில் கொடுத்தேன். கழுத்தை அவளே துடைத்துக்கொள்வாள். கைக்கும் ஒரு பயிற்சி என்று நான் செய்துவைத்த ஏற்பாடு. வாங்கினாள். என்னைப் பார்த்தாள். கை விரிந்தது. துணி தரையில்.

நான் பதறிப்போனேன். துணிக்காக இல்லை. சரி, துணிக்காகவும்தான்.

சாக்கில் போட்டேன். மறுநாள் இன்னொன்று. அதற்கு மறுநாள் நீலம் ஒன்று. எப்போதும் ஒரே மாதிரி. வாங்குவாள், என்னைப் பார்ப்பாள், விழும். என்னைப் பார்க்காமல் விழுந்ததே இல்லை. நான் அடுப்படியில் இருந்தால் துணியைப் பிடித்தபடியே காத்திருப்பாள். நான் வந்து பக்கத்தில் நின்றதும்தான் கை தளரும். துணை பக்கத்தில் இருக்கிறது என்ற தைரியத்தில் நோயாளிகள் தளர்ந்துவிடுவார்கள் என்று வைத்துக்கொண்டேன்.

இதில் வேடிக்கை, டம்ளர் விழாது. சூடான காபியை வழிய வழியக் கொடுத்தாலும் சொட்டு சிந்தாது. டிவி ரிமோட் விழாது. அதை நான் கேட்டால்கூடத் தர மாட்டாள். துணி மட்டும்தான். நானும் யோசித்துப் பார்த்தேன். கெட்டியான பொருளைப் பிடிக்கிற நரம்பு வேறு, மெத்தென்ற பொருளைப் பிடிக்கிற நரம்பு வேறாக இருக்க வேண்டும். எந்தப் புத்தகத்திலும் இது இல்லை. இருந்திருந்தால் நான் படித்திருப்பேன். நானாகக் கண்டுபிடித்தது.

கம்பளிக் கையுறை ஒன்று இருந்தது. காரைக் கழுவ மாட்டிக்கொள்வது. பழையதுதான், ஆனாலும் ஆட்டுக்குட்டி மாதிரி. அதைக் கையிலேயே மாட்டிவிட்டால் எப்படி விழும்? அப்படித்தான் நினைத்து மாட்டிவிட்டு, தண்ணீர் எடுக்கத் திரும்பினேன். பல்லால் கடித்து இழுத்துக் கழற்றியிருந்தாள். தரையில் கிடந்தது. பல்லுக்கு இவ்வளவு வலு வந்துவிட்டதே என்று அன்றைக்கு எனக்குச் சந்தோஷம்கூட. அன்று சாயங்காலம் சுபாவுக்குப் போன் செய்து சொன்னேன். "அப்படியாப்பா?" என்று ரெண்டு தடவை கேட்டாள்.

பிசியோதெரபிக்கு ஜெசிந்தா என்று ஒரு அம்மா வீட்டுக்கே வருவார். அவரிடம் சொன்னேன். பூங்கோதையின் கையில் தன் விரலைக் கொடுத்து, "அழுத்துங்க பாக்கலாம்" என்றார். அழுத்தினாள். ஜெசிந்தா விரலை உதறிக்கொண்டே, "சார், இந்தக் கைக்கு ஒண்ணுமே இல்லைங்க. இந்தப் பிடியில ஆட்டுக்கல்லையே சுத்தலாம்" என்றார்.

"விரல் கெட்டிப் பொருள். துணி கொடுத்துப் பாருங்கள்" என்றேன்.

கொடுத்தார். பூங்கோதை என்னைப் பார்த்தாள். விழுந்தது.

ஜெசிந்தா துணியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சார்," என்றார், "நீங்க கொஞ்ச நேரம் வெளிய ஒக்காருங்களேன்." உட்கார்ந்தேன். உள்ளே ஜெசிந்தாவின் குரல் கேட்டது, என்னவோ கேட்டுக்கொண்டிருந்தார். இடையிடையே பூங்கோதையின் "போ" ரெண்டு மூன்று தடவை. வெளியே வந்தவர், "ஒரு நல்ல டவல் வாங்கிக் குடுத்துப் பாருங்களேன் சார்" என்றார். படித்தவர்தான். ஆனால் துணி விஷயம் அவருக்கு என்ன தெரியும்? காட்டன் டவல் கீறும் என்று விளக்கினேன். கேட்டுக்கொண்டார். கேட்டுக்கொண்டே செருப்பைப் போட்டார்.

பங்குனி வந்தபோது அலமாரி கிட்டத்தட்டக் காலி. முப்பது வருஷத்துத் துணிகள், சார். ஒவ்வொன்றும் எந்தக் காரைத் துடைத்தது என்று சொல்வேன். ஒன்று போக அத்தனையும் சாக்கில். ஒன்றிரண்டை யாருக்கும் தெரியாமல் எடுத்துத் துவைத்து மறுபடி பயன்படுத்தியிருக்கலாமே என்று கேட்பீர்கள். முடியாது. சத்தியம் செய்திருந்தேன். அதோடு, அவள் சாக்கையே பார்த்துக்கொண்டிருப்பாள். கட்டிலுக்கு நேர் எதிரில் அதை வைத்தது என் தப்பு.

ஒரு சாம்பல் துணி மட்டும் மிச்சம் இருந்தபோது சுபாவை வரச் சொன்னேன். நானேதான் சொன்னேன். விதி போட்டவன் நான், அதை மீறக் கூடாது. மாப்பிள்ளையும் வந்தார். எல்லோர் முன்னிலையிலும் பரீட்சை வைத்தேன், பிற்பாடு யாரும் குறை சொல்லக் கூடாது பாருங்கள். துணியை எட்டாக மடித்து அவள் கையில் கொடுத்தேன். "பிடி, பூங்கோதை" என்றேன். "கொஞ்சம் பிடி. இதுதான் கடைசி. இதைப் பிடித்துவிட்டால் நீ இங்கேயே இருக்கலாம்."

அவள் என்னைப் பார்த்தாள். இந்தத் தடவை ரொம்ப நேரம் பார்த்தாள். பிடித்துக்கொண்டுதான் இருந்தாள். தேறிவிட்டாள் என்று நான்கூட நினைத்தேன்.

விழுந்தது.

சுபா சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு, தோள் ரெண்டும் குலுங்கின. எப்படியும் பெற்ற தாய் அல்லவா. மாப்பிள்ளையால் தாங்க முடியவில்லை, தொண்டையைச் செருமிக்கொண்டு வெளியே போய்விட்டார். நான்தான் தைரியமாக நின்றவன். "சரி சுபா, சொன்ன சொல் சொன்னதுதான். துணிமணி எடுத்து வை" என்றேன்.

இப்போது அவள் கரூரில். வீட்டில் நான் மட்டும். கட்டிலை நேற்றுக்கூட மேலிருந்து கீழே ஒருமுறை துடைத்தேன், வெறும் கட்டில்தான். எதைக் கொண்டு துடைத்தேன் என்று கேட்காதீர்கள். பழைய பனியன். ஸ்ப்ரே பாட்டிலில் செடிக்குத் தண்ணீர் அடிக்கிறேன். பன்றிமுடி பிரஷ்ஷால் ஃபேனைத் துடைக்கிறேன். ரெண்டு பக்கெட்டில் என் சட்டையைத் துவைக்கிறேன், அடியில் சல்லடை போட்டுத்தான். பூஜை மணி கட்டில் பக்கத்திலேயே இருக்கிறது. எடுத்து மாடத்தில் வைக்கலாம்தான். இருக்கட்டும், அவள் கை சரியானால் திரும்பி வருவாளே. வந்ததும் வேண்டும் இல்லையா?

சுபா போனில் அதிகம் பேசுவதில்லை. "அம்மா நல்லாருக்காங்கப்பா" என்பாள். கையைப் பற்றிக் கேட்டால், "அப்படியேதாம்பா இருக்குது" என்பாள். போன ஞாயிறு நான் வரட்டுமா என்றேன். "அடுத்த வாரம் பாக்கலாம்பா" என்றாள். அதற்கு முந்தைய ஞாயிறும் அடுத்த வாரம்தான். அதனால் இன்றைக்குச் சொல்லாமல் கிளம்பிவிட்டேன்.

பையில் என்ன என்று நீங்களும் கேட்கவில்லை, நாகரிகமானவர். இந்தாருங்கள், மெதுவாகப் பாருங்கள், ஓரத்தை மட்டும். தொடலாம். எப்படி இருக்கிறது? சாக்கில் இருந்த அத்தனை துணிகளையும் துவைத்து, வீரப்பன்சத்திரத்தில் ஒரு டெய்லரிடம் கொடுத்து ஒன்றாக மூட்டித் தைத்தேன். படுக்கை விரிப்பு. அவள் கட்டிலுக்கு அளவெடுத்துத் தைத்தது. நீலம், மஞ்சள், சாம்பல், கட்டம் கட்டமாக. தரையைத் தொட்டவைதானே, அவள் பக்கத்தில் கொண்டுபோக மாட்டேன் என்று சத்தியம் செய்தேனே என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. அந்த விதி தேய்க்கிற துணிக்கு. விரிப்பை யாரும் தேய்ப்பதில்லை. அதன்மேல் படுக்கத்தான் செய்வார்கள். படுத்தால் கீறாது. இதை ரெண்டு நாள் யோசித்துத்தான் முடிவுக்கு வந்தேன். அதோடு, விரிப்பைக் கையில் பிடிக்க வேண்டியதில்லை. விழ வழியே இல்லை. நாலு மூலையிலும் நாடா வைத்திருக்கிறேன், கட்டில் காலோடு கட்டிவிட.

அவளுக்குப் பிடிக்கும். தெரிந்த துணிகள் எல்லாம். முப்பது வருஷம் அவள் கையால் துவைத்தவை.

நடுவில் இருக்கிற நீலம் தெரிகிறதா? அது மட்டும் கடைசியாகச் சேர்த்தது. கடை திறந்த அன்றைக்குப் பிரித்த முதல் துணி. சாமி படத்துக்குப் பின்னால் பிளாஸ்டிக் கவரில் வைத்திருந்தேன். பரீட்சையில் அதைச் சேர்க்கவில்லை. அது அவளுக்கே தெரியாது.

அவர்கள் கிளம்புகிறபோது அதைக் கவரிலிருந்து எடுத்தேன். மாப்பிள்ளையின் வண்டி கறுப்பு. டவலால் துடைத்துத் துடைத்து பானட் முழுக்கச் சிலந்திவலை மாதிரிக் கோடு. நான் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்குச் சொல்லக் கூடாது. பின்சீட்டில் இடது பக்கமாகப் பூங்கோதையை உட்காரவைத்திருந்தார்கள். அந்தக் கதவில் ஒரு கோளாறு உண்டு, ஓரத்து ரப்பர் உப்பிக்கொண்டிருக்கிறது. ஓங்கி இழுக்காவிட்டால் சாத்த முடியாது. அவர்கள் வந்த அன்று நானே மூன்று தடவை அடித்துத்தான் சாத்தினேன். மாற்றச் சொல்லி மாப்பிள்ளையிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். கதவு திறந்திருந்தது. அவள் மடியில் மாப்பிள்ளையின் வெள்ளை டவல் ஒன்று. அதன்மேல் இடது கை. நான் குனிந்து, அந்தக் கையை எடுத்து, நீலத் துணியை உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மூடினேன். "வழியில் முகம் துடைத்துக்கொள்" என்றேன். வேறு என்ன சொல்வது என்று தெரியவில்லை.

கையை வெளியே நீட்டினாள். எனக்குத் திருப்பித் தருகிறாள் என்றுதான் நினைத்தேன். விரல் விரிந்தது. துணி தெருமண்ணில் விழுந்தது.

என் முழங்கால் இப்போதெல்லாம் சட்டென்று மடங்காது. ஒரு கையைச் சுவரில் ஊன்றி, மெதுவாகக் குனிந்து எடுத்தேன். உதறவில்லை.

நிமிர்ந்தபோது கதவு சாத்தியிருந்தது. மாப்பிள்ளை ஸ்டீயரிங்கில் உட்கார்ந்திருந்தார். சுபா அந்தப் பக்கம் நின்று பையை வைத்துக்கொண்டிருந்தாள். ஒரே இழுப்பில் சாத்தியிருந்தது.